பீரோவுக்குப் பின்னால்

கருங்கலில் இருந்து பாலூர் போகிற ரோட்டில்
பதினோரு சென்ட், நாலு அறை, ஒரு கிணறு,
ரெண்டு அயனி, காய்க்க மனசில்லாத ஒரு தென்னை.
சொசைட்டிக் கடன் வட்டி தின்று வளர்ந்து
வீட்டைவிட உயரமாகிவிட்டது.
விற்பதென்று முடிவெடுத்த ராத்திரி
எனக்கு அழுகை வரவில்லை.
யாரை நம்பி விற்பது என்றுதான் உறக்கம் வரவில்லை.

முதலில் வந்தது மார்த்தாண்டம் ஷெல்டன்.
செருப்பைக் கழற்றாமல் முன்னறையோடு நின்று
"எழுபத்தஞ்சு போகும் மேடம்" என்றார்.
விசிட்டிங் கார்டில் அவர் படம் சிரித்தது.
கிணற்றை ஒருதரம் எட்டிப் பார்த்திருந்தால்
அந்த எழுபத்தஞ்சை நானும் நம்பியிருப்பேன்.

அடுத்தவர் பெயரை எழுத வேண்டாம், ஊரில்தான் இருக்கிறார்.
"ஒங்களுக்கு எதுக்கு அலைச்சல்?
எனக்க பேர்ல பவர் எழுதித் தந்திருங்க."
அலைவதென்று அப்போதே தீர்மானித்தேன்.

தாசையன் திங்கள்சந்தையில் இருந்து பஸ்ஸில் வந்தார்.
வீட்டைப் பார்க்கவில்லை, மூலப்பத்திரம் கேட்டார்.
நாலு எல்லையையும் விரல் வைத்துப் படித்து
வெளியே இறங்கிப் போனவர்
முட்டுவரை சேறோடு திரும்பினார்.
"வடக்குக் கல்லு அடுத்த ஆளுக்க வாழைக்குள்ள கெடக்கு.
அளந்துட்டுப் பேசுவோம்."
பிறகுதான் சுவர்களைத் தட்டினார்,
சக்கை பழுத்ததா என்று பார்க்கிற மாதிரி.
அவர் சொன்னது அம்பத்தஞ்சு.
வயிறு எரிந்தது. ஆனாலும் விசாரித்தேன்.

வில்லுக்குறியில் அவர் மூலம் வீடு வாங்கிய டீச்சர்
"கண்ணை மூடிட்டு நம்பலாம்" என்றாள்.
அதே வீட்டை விற்றவரையும் தேடிப் பிடித்தேன்.
"அவனா? என்னைக் கெடுத்தவன்" என்று போனை வைத்தார்.
ஒருத்தி புகழ்ந்தது காதில் நின்றது,
ஒருத்தர் வைதது நிற்கவில்லை.

பார்ட்டி வருகிற அன்று காலையில்
பின்னறை பீரோவைத் தோள் கொடுத்துத் தள்ளி
ஈரம் பூத்த சுவரை மறைத்து வைத்தேன்.
வந்தவர்கள் குளச்சல்காரர்கள்.
அவன் மஸ்கட்டில்; லீவு இன்னும் ஒன்பது நாள்.
பெல்சிட்டா இடுப்பில் பிள்ளையோடு
அடுக்களை ஜன்னலைத் திறந்து திறந்து மூடினாள்.
அவளுக்குப் பிடித்துவிட்டது, எனக்குத் தெரிந்தது.
தாசையன் நேரே பின்னறைக்குப் போய்
பீரோவை நகர்த்தினார்.
"ஐப்பசி கார்த்திகை ரெண்டு மாசமும் இந்தச் செவுரு நனையும்.
பிள்ளையை இங்க கெடத்தாண்டாம்."

ரெண்டு லட்சம் அந்த ஒரு வாக்கியத்தில் போனது.

அவர்கள் போனதும் கேட்டேன்:
"நீரு ஆருக்க புரோக்கர்?"
கைலேஞ்சியால் கழுத்தைத் துடைத்தபடி சொன்னார்:
"ரெண்டு பேருகிட்டயும் கமிஷன் வாங்குதேன்.
வாயை மட்டும் ஒருத்தருக்கு வாடகைக்கு விட முடியுமா?"
எனக்கு உண்மையான ஆள்தான் வேண்டியிருந்தது.
எனக்கு மட்டும் உண்மையாக இருக்கிற ஆள் என்று
சொல்ல விட்டுப்போயிற்று.

பத்திர ஆபீசில் ரேகை விழாமல் மூன்றுதரம் பெருவிரல் வைத்தேன்.
பணம் பேசின நாளில் பேசினபடி வந்தது.
கடன் அடைந்தது. கமிஷனை எண்ணிக் கொடுத்தேன்,
கோபம் தீராமல், நூறு ரூபாய் நோட்டுகளாக.
அவர் பொறுமையாக எண்ணி வாங்கினார்.

இப்போது நாகர்கோவிலில்,
மிஞ்சின பணத்துக்கு ரெண்டு அறை தேடுகிறேன்.
பார்வதிபுரத்தில் ஒரு வீடு:
புதுப் பெயிண்ட் மணம், பைப்பில் நல்ல தண்ணீர்,
"மேடம் மேடம்" என்று ஒரு பையன்.
மாடிப்படியில் ஒதுங்கி தாசையனுக்குப் போன் போட்டேன்.
பஸ் சத்தத்துக்கு நடுவே கேட்டார்:
"பின்னறையில பீரோ உண்டா?"

உண்டு.
தோளை அதில் சாய்த்துத் திரும்பிப் பார்த்தேன்.
வாசலில் வீட்டுக்காரி நிற்கிறாள்.
அந்த முகம் எனக்கு நன்றாகத் தெரியும்.